அருவி அடங்கினால் கடலுக்குச் சீசன்
(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



குற்றாலத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. குற்றால மலையில் பிறக்கும் நம் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அருவியில் நம் தலையில் விழுந்த தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற வாசல் அதுதான். அந்தப் பக்கத்து ஆழமில்லாத கரைக்கடலில் தை, மாசி மாதங்களில் நடக்கும் மீன்பிடிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரே காற்று, இரண்டு சீசன்

ஆனி, ஆடியில் நமக்குச் சாரலைக் கொண்டுவருவது தென்மேற்குக் காற்று. அதே காற்றைக் கடற்கரையில் 'கச்சான்' என்பார்கள். இங்கே நாம் குளித்துக் கும்மாளம் போடும்போது, அங்கே மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றின் முறை. அதற்குப் பெயர் 'வாடை'. மழைவெள்ளமும் வாடையும் சேர்ந்து, பாம்பனுக்கு வடக்கே உள்ள பாக் நீரிணைக் கடலைக் கலக்கிவிடும்.

தை பிறந்து மாசி வரும்போது வாடை தணிகிறது. கச்சான் இன்னும் எழவில்லை. இரண்டு காற்றுக்கும் நடுவே கிடைக்கிற இந்த இடைவெளிதான் கரைக்கடலின் சீசன். கலங்கிய சேறு அடியில் படிகிறது. தண்ணீர் தெளிகிறது. நம் அருவிகள் நூலாக இளைத்துப்போகும் நேரத்தில் அங்கே வலை நிறைகிறது!

முழங்கால் தண்ணீரில் என்ன இருக்கிறது?

ஆழமில்லாத தண்ணீரில் வெயில் அடித்தரை வரைக்கும் இறங்கும். வெளிச்சம் இருந்தால் கடற்புல் வளரும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பத்துக்கும் மேற்பட்ட கடற்புல் வகைகள் உண்டு. புல்லை மேய ஓரா வரும். சேற்றில் உள்ள நுண்ணிய இரையைத் தின்ன மடவை வரும். மணலைக் கிளறிப் புழுவைத் தேட கிழங்கான் வரும். நண்டு மணலுக்குள் புதைந்து கிடக்கும். இவற்றைப் பிடித்துத் தின்னக் கொடுவாயும் சீலாவும் பின்னாலேயே வரும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் குளிர்கால முடிவில் இப்படி ஆழமற்ற கடலில் தூண்டில் போடுகிறார்கள். அங்கே கடுங்குளிர். மதிய வெயிலில் சூடேறும் சேற்றுத் தரையைத் தேடி மீன் வரும் என்று காத்திருப்பார்கள். நம் கடலில் தை மாதத்திலும் தண்ணீர் அப்படிக் குளிர்ந்துவிடுவதில்லை. இங்கே பார்க்க வேண்டியது காற்று, தெளிவு, நீர்மட்டம் ஆகிய மூன்றும்தான்.

சின்னக் கணக்கு

நம் பகுதிக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. 'பூ, இவ்வளவுதானா?' என்று நினைக்காதீர்கள். தரை 500-க்கு 1 என்ற சரிவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் இறங்கினால் கரை 300 மீட்டர் பின்வாங்கும்! அவ்வளவு தூரத்து மீனும் வற்றும் தண்ணீரோடு பள்ளத்துக்கு ஓடியாக வேண்டும். அனுபவசாலி அந்தப் பள்ளத்தின் வாயில் நிற்பான்.

அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. ஆகவே மீனவர்க்குப் பஞ்சாங்கமும் ஒரு தொழிற்கருவிதான்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

வீச்சு வலை ஒரே ஆளின் வேலை. விளிம்பைச் சுற்றி ஈயக்குண்டு கோத்த வட்ட வலை அது. வெயிலுக்கு முகம் காட்டி நடக்க வேண்டும். முதுகில் வெயில் பட்டால் நிழல் முன்னால் விழுந்து மீன் கலைந்துவிடும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது நல்லது. மணலில் படுத்திருக்கும் திருக்கையை மிதித்தால், வால் முள் ஏறி உயிர் போகிற வலி!

கரைவலை ஊர்கூடி இழுப்பது. ஒரு கயிற்றைக் கரையில் பிடித்துக்கொள்ள, படகு அரைவட்டமாக வலையை இறக்கி மறு கயிற்றோடு கரை சேரும். பிறகு இரு பக்கமும் நின்று 'ஏலேலோ' என்று இழுக்க வேண்டியதுதான். நண்டு வலையைச் சாயங்காலம் அடித்தரையில் விரித்து, விடிந்ததும் எடுப்பார்கள்.

நம் பங்கு என்ன?

இந்தப் புல்தரைதான் இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். அடித்தரையை இழுவைமடி வழித்தெடுத்தால் புல் வேரோடு போகும். அடுத்த வருட மீனும் அதோடு போகும். அதனால்தான் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர் வரையுள்ள கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. 1986-இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. அங்கே மீன்பிடிக்கக் கூடாது. புல் மேயும் ஆவுளியாவுக்காக 2022-இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.

சட்டம் கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அருவிக்கரையில் வீசுகிற ஷாம்பு உறையும் எண்ணெய்ப் பாக்கெட்டும் சிற்றாற்றில் இறங்கினால் எந்தப் பக்கம் போகும் என்று மேலே பார்த்தோம்.

இன்னொன்றும் உண்டு. நாளைக்கு நம்மில் சிலர் துறைமுகத்திலோ, அனல் மின் நிலையத்திலோ, சாலைத் திட்டத்திலோ வேலைக்குப் போவோம். வரைபடத்தில் இந்த ஆழமற்ற கரைக்கடல் வெறும் வெள்ளை இடமாகத்தான் தெரியும். 'சும்மா கிடக்கிற இடம்தானே, மண்ணைக் கொட்டித் தூர்த்துவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அப்போது, 'சார், அது சும்மா கிடக்கவில்லை; ஒரு ஊரே அதில் பிழைக்கிறது' என்று சொல்ல அங்கே ஒரு டிப்ளமோக்காரன் இருக்க வேண்டும். அந்த ஆள் நம் பாலிடெக்னிக்கிலிருந்து போனவராக இருந்தால் நமக்கெல்லாம் பெருமைதானே!