அனுதின ஜெபமும் ஆராதனை வாஞ்சையும்

ஞாயிறு காலையில் மணியோசை கேட்டுப் புறப்பட்டு, இளமை முதலே மனப்பாடமான பாட்டுகளைப் பாடி, முழங்காற்படியிட வேண்டிய இடத்தில் முழங்காற்படியிட்டு, ஆசீர்வாதம் பெற்று வீடு திரும்பும் கிறிஸ்தவர் பலருக்கு, எல்லாம் முறைப்படி நிறைவேறியும் தம் உள்ளம் மட்டும் அதில் சேராமல் விலகி நின்றதே என்ற துக்கம் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் உண்டாகிறது. விசுவாசம் அவர்களை விட்டுப் போய்விடவில்லை. சந்தேகம் எதுவும் புகுந்துவிடவுமில்லை. ஆயினும் ஒரு காலத்தில் கண்ணீரை வரவழைத்த அதே வாக்கியம் இன்று காதைத் தொட்டு அப்படியே கடந்து போகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு எழுதப்பட்ட நிருபம், உழைப்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத ஒரு சபை ஆதி அன்பை இழந்து நின்றதைக் குறித்தே வருந்துகிறதாகையால், இது நம் காலத்தில் புதிதாகத் தோன்றிய நோயன்று. இதற்கு மருந்து யாது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த வரையில் மிகத் தெளிவான விடைகளுள் ஒன்று தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் ஒரு கிறிஸ்தவத் துறவியின் வாழ்வில் கிடைத்தது.

திருக்கோவிலூர் பக்திக்குப் பழகிய பூமி. மழை பெய்த ஓர் இரவில் ஓர் இடைகழியில் ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருக்க, பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நெருங்கி நின்றபோது, நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள் என்று வைணவ மரபு கூறுவது இவ்வூரைப் பற்றித்தான். மெய்ப்பொருள் நாயனார் ஆண்டதும், கபிலர் உயிர் துறந்த பாறை என்று மக்கள் காட்டும் குன்று ஆற்றினிடையே நிற்பதும் இங்கேயே. 1896-இல் திருவண்ணாமலை நோக்கிச் சென்ற வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னாளில் ரமண மகரிஷியாகப் போகிறவர், அக்கரையிலுள்ள அறையணிநல்லூர்க் கோயிலில் அமர்ந்து பேரொளி ஒன்றைக் கண்டதாக அவருடைய சரித்திரம் சொல்லும். கிறிஸ்தவமும் இவ்வூருக்கு அந்நியமன்று. 1860-களில் தென்னார்க்காட்டில் வேரூன்றிய டேனிஷ் மிஷன் இங்கே ஒரு வைத்தியசாலையை நடத்தியது. அம்மிஷனின் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை இப்பகுதிக் கிராமங்களில் இன்றும் ஆராதனை நடத்தி வருகிறது.

இத்தகைய ஊரை அடுத்த தபோவனம் என்னும் ஆசிரமத்துக்கு 1955 டிசம்பரில் காவியுடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். பிரான்சு தேசத்து பிரித்தானி கடற்கரையில் 1910-இல் பிறந்த ஆன்ரி லெ சோ என்பவர் அவர். 1929-இல் கெர்கொனான் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகச் சேர்ந்து, 1948-இல் இந்தியா வந்து, ஜூல்ஸ் மோன்சானின் அடிகளோடு இணைந்து, 1950-இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரை மாந்தோப்பு ஒன்றில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவி, அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்டவர். சாந்திவனம் என்று நாம் அறிந்திருப்பது அந்த ஆசிரமத்தையே.

இவர் ஜெபம் அறியாதவராக வந்தவரல்லர் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கின்படி, அச்சபைத் துறவிகள் பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் கூடி, 150 சங்கீதங்களையும் வாரந்தோறும் ஒரு முறை பாடி முடிக்க வேண்டும். வாலிபம் முழுவதையும் அவ்வொழுங்கிலேயே கழித்து, சங்கீதங்கள் நாவில் ஊறிப்போன ஒரு மனிதர், தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகள் என்ற முதியவர் முன்னே சிறு பிள்ளையைப் போல அமர்ந்து, குரு என்ற சொல்லுக்கு உயிருள்ள பொருள் இன்னதென்று முதன்முதலாக உணர்ந்தார். மறு ஆண்டு 1956-இன் தொடக்கத்தில் மீண்டும் வந்து சில வாரங்கள் தங்கினார். அந்த அனுபவத்தைப் பின்னர் ஒரு தனி நூலாகவே எழுதினார். அதில் தம் பெயரைச் சொல்லாமல் வன்யா என்ற புனைபெயரில் தம்மைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறார்.

சுவாமிகள் அவருக்குப் புதிய சித்தாந்தம் எதையும் புகட்டவில்லை. ஏட்டறிவையும் வாதத்தையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அன்றாடம் உள்முகமாக அமர்ந்திரு என்பதே அவர் உபதேசத்தின் சாரம். பெரிய தத்துவக் கேள்விகளோடு வந்தவருக்கு இது மிகச் சிறிய விடையாகத் தோன்றக்கூடும். ஆனால் ஜெபத்தைக் குறித்துப் படிப்பதும் எழுதுவதும் பேசுவதும், ஜெபிப்பதற்குப் பதிலாக நம்மை அறியாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதைப் படித்த பக்தர் எவரும் தம் அனுபவத்தில் காணலாம். வார்த்தைகளைத் திறம்பட உச்சரித்து வந்த ஒருவரை, அவ்வார்த்தைகள் யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றனவோ அவருடைய சந்நிதியில் வெறுமனே உட்காரச் சொன்னார் சுவாமிகள். தபோவனம் அவருக்குத் தந்தது அதுதான்.

இதன் பின்னர் அவருக்கு எல்லாம் எளிதாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அத்வைத அனுபவத்துக்கும் தம் திருச்சபையின் ஆராதனைக்கும் நடுவே அவர் பட்ட வேதனை பல ஆண்டுகள் நீடித்ததென்பதற்கு அவருடைய நாட்குறிப்பே சாட்சி. அவர் கொண்ட சில முடிவுகளைக் கிறிஸ்தவர் பலர் ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவுமில்லை. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அவ்வளவு வேதனையிலும் அவர் அனுதின ஜெபத்தை விடவில்லை. 1964-இல் இறையியலாளர் ரைமன் பணிக்கருடன் கங்கோத்திரிக்கு யாத்திரை போய் அந்த மலைப்பகுதியில் பூசையில் கலந்துகொண்டதைத் தம் நூலொன்றில் அவர் விவரிக்கும்போது, பல்லாயிரம் முறை சொல்லிப் பழகிய சொற்கள் அப்போதுதான் பிறந்தவை போல அவருக்குள் ஒலித்ததை நாம் காண்கிறோம். 1967-இல் ஜெபத்தைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல், மடாதிபதிகளுக்காக எழுதப்பட்டதன்று. வீடும் வேலையுமாக வாழும் சாதாரண விசுவாசிக்கும் இறைப் பிரசன்னத்தில் நிலைத்திருப்பது இயலும் என்பதே அதன் வாதம். இயேசு தம் பிதாவை அழைத்த அப்பா என்ற சொல்லையே ஒரு நாமஜெபமாகக் கொள்ளலாம் என்று அதில் அவர் காட்டுகிறார். 1968-இல் சாந்திவனத்தைப் பீட் கிரிஃபித்ஸ் அடிகளிடம் ஒப்படைத்துவிட்டு, உத்தரகாசியை அடுத்த குடிலில் வாழ்ந்து, 1973 டிசம்பரில் இந்தூரில் உயிர் நீத்தார்.

சிறு வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இவ்வழக்கம் இந்தியாவிலிருந்து கிறிஸ்தவத்துக்குப் புதிதாக வந்ததென்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் எகிப்துப் பாலைவனத் துறவிகளிடம் கற்றுத் திரும்பிய யோவான் காசியன் என்பவர், 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கடவுளைத் துணைக்கு விரைந்து வருமாறு கூப்பிடும் ஒரு சங்கீத அடியை, உண்ணும்போதும் நடக்கும்போதும் உறங்கப் போகும்போதும் விடாது சொல்லுமாறு உபதேசித்தார். கீழைத் திருச்சபைகளில் இயேசுவின் திருநாமத்தைச் சொல்லும் ஜெபம் இன்றுவரை வழங்குகிறது. அதற்கும் முன்னே, பன்னிரு அப்போஸ்தலரின் உபதேசம் என்ற பழைய நூல், கர்த்தருடைய ஜெபத்தை நாள்தோறும் மூன்று வேளை சொல்லுமாறு கட்டளையிடுகிறது. பாபிலோனில் அரசாணைக்கு அஞ்சாமல், எருசலேம் நோக்கித் திறந்த பலகணியருகே தினம் மும்முறை முழங்காற்படியிட்ட தானியேலை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அப்பாலைவனத் துறவிகள் ஜெபத்தில் வரும் வறட்சியையும் நன்கறிந்திருந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டில் எவாக்ரியுஸ் என்பவர் எழுதியிருக்கும் வர்ணனையை நான் வாசித்தபோது, நம் தெருவிலேயே அவர் குடியிருந்து எழுதினாரோ என்று தோன்றியது. உச்சிவேளையில் துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்பதாகத் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீண்டது போலாகும். அறைக்கு வெளியே எட்டிப் பார்ப்பான். யாராவது பேச வரமாட்டார்களா என்று ஏங்குவான். வேறொரு மடத்துக்குப் போனால் இதைவிட நன்றாக ஜெபிக்கலாமே என்று அவன் மனம் சொல்லும். அம்முதியோர் இதற்குக் கூறிய பரிகாரம், எழுந்து போகாதே, அறையிலேயே இரு என்பதுதான். இருந்தவனுக்கு அந்தச் சோர்வின் பின்னே ஒரு சாந்தி வரும் என்றும் எவாக்ரியுஸ் எழுதுகிறார்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆராதனையில் வாஞ்சை குறைந்ததாக உணரும் ஒருவர் இயல்பாகத் தேடுவது அவ்வாஞ்சையை எழுப்பவல்ல ஒரு நிகழ்ச்சியை. ஆகையால்தான் எழுப்புதல் கூட்டங்களுக்கு இத்தனை ஜனங்கள் கூடுகிறார்கள். அவற்றால் உண்மையாகவே மனந்திரும்பியவர்கள் உண்டு. அதை மறுப்பது நன்றியற்ற செயல். ஆனால் மூன்று நாள் பந்தலில் மூண்ட அனல், பந்தல் பிரித்த பிறகு வீட்டில் எரிவதற்கு அங்கே ஓர் அடுப்பு இருந்தாக வேண்டும். அனுதின ஜெபமே அவ்வடுப்பு. தினமும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் அமர்கிறவருக்கு, நாளடைவில் மனத்தை அடக்கும் போராட்டத்தில் பாதி குறைகிறது. நேரம் வந்ததும் உடலே ஜெபத்துக்கு ஆயத்தமாகிறது. வாரத்தில் ஆறு நாளும் தனிமையில் சொன்ன சங்கீதம் ஏழாம் நாள் சபையில் ஒலிக்கும்போது, அது அவருடைய துக்கத்தையும் கடனையும் பிள்ளையின் காய்ச்சலையும் சுமந்து வந்து ஒலிக்கிறது. வேதபாகம் வாசிக்கப்படுகையில் அவர் அதற்குப் புதியவராக உட்கார்ந்திருப்பதில்லை. வாஞ்சை என்பது நாம் முயன்று வரவழைக்கும் உணர்ச்சியாக இல்லாமல், பழகிய அன்பின் பயனாக, பெரும்பாலும் நாம் எதிர்பாராத ஒரு ஞாயிறன்று, தானே வந்து சேர்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு இதில் கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை. மறந்ததை நினைவூட்டினால் போதும். லுத்தரன் இல்லங்களில் குடும்ப ஜெபம் என்பது ஒரு காலத்தில் இரவு உணவைப் போலத் தப்பாத காரியம். கூடத்தில் பாய் விரித்து, விளக்கைச் சற்றுத் தூண்டி, பாட்டி முக்காடிட்டு உட்கார்ந்ததும், முதலில் ஒரு ஞானப்பாட்டோ கீர்த்தனையோ, பிறகு ஒருவர் விட்ட இடத்திலிருந்து வேத வாசிப்பு, பிறகு வீட்டுத் தலைவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பது, முடிவில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு வசனம் ஒதுக்கப்படும். அது தடுமாறும் இடத்தில் தாத்தா எடுத்துக்கொடுப்பார். கத்தோலிக்கர் வீடுகளில் இதே வேளையை ஜெபமாலை நிரப்பியது. காலை, நண்பகல், மாலை மணியோசைக்கு மூவேளை செபம் சொல்ல, வயலில் நிற்பவரும் தலைப்பாகையை எடுத்துவிடுவார். தரங்கம்பாடியில் 1715-இல் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததிலிருந்து, பப்ரிசியுஸ் ஐயரின் பாட்டுகளும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும், 1889-இல் டேனிஷ் மிஷனரியாக வந்து பிற்காலத்தில் தமிழ் வேதாகமத் திருத்த வேலையில் உழைத்த லார்சன் ஐயரின் பணியும், இந்தக் கூடத்துப் பாயில் வந்து சேரத்தான் இத்தனை பாடுபட்டன. சபை ஆராதனைக்காக மட்டுமே இவர்கள் உழைத்தார்கள் என்று கொள்வது அவர்களுடைய எண்ணத்தைப் பாதியாக்குவதாகும்.

1921-இல் திருப்பத்தூரில் மருத்துவர்கள் ஜேசுதாசனும் போரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியபோதும், வைத்திய சேவைக்கும் கிராம ஊழியத்துக்கும் நடுவே நாள்தோறும் கூடி ஜெபிப்பதை ஆசிரம வாழ்வின் மையமாக வைத்தார்கள். திராவிடச் சிற்ப முறையில் கோபுரத்தோடு எழுந்த அவர்களது ஜெபாலயத்தை இன்றும் காணலாம். நோயாளிகள் வரிசையில் காத்திருந்த ஓர் இடத்தில் ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கினவர்கள் அவர்கள்.

புதிதாகத் தொடங்க விரும்புகிறவருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சமே. கால் மணி நேரம் போதும். ஆனால் அது நாள்தோறும் ஒரே கால் மணி நேரமாக இருக்கட்டும். விடியற்காலையில் பால் வாங்கப் போகுமுன் கிடைக்கும் நேரம் பெண்களுக்கு வசதியென்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் இரவை நம்பலாம். கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசித்து, பிறகு சில நிமிஷங்கள் ஒன்றும் கேட்காமல் அமர்ந்திருந்து, மனம் ஓடும்போதெல்லாம் திருநாமத்தைச் சொல்லி அதைத் திரும்ப அழைத்து, கர்த்தருடைய ஜெபத்தோடு எழலாம். மனம் ஓடியதற்காக வருந்தி அந்த நேரத்தையும் வீணாக்க வேண்டாம். எத்தனை முறை ஓடுகிறதோ அத்தனை முறை திரும்ப அழைப்பதே அப்பியாசம். சனிக்கிழமை இரவில் மறுநாளுக்குரிய சுவிசேஷ பாகத்தை ஒரு முறை படித்துவைத்தால், ஞாயிறன்று பிரசங்கம் சுமாராக இருந்தாலுங்கூட அவ்வசனம் நம்மோடு பேசும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஜெபிக்க முனையாமல், வழக்கமான அளவோடு தொடர்வது நல்லது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் பெரியவர்கள் தங்கள் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் தூங்கி விழும்வரை நீளும் ஜெபம் அவர்களுக்கு ஆராதனையின் மேல் கசப்பையே வளர்க்கும். ஒரு பாட்டும், நாலு வசனமும், அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு வேண்டுதலும் அந்த வயதுக்குத் தாராளம்.