சிமுலேட்டர் விமானத்தில் வேகமும் இறக்கமும்

சிமுலேட்டர் விமான இறக்கம் என்பது, கணினியில் ஓட்டப்படும் பயணிகள் விமானத்தைப் பயண உயரத்திலிருந்து ஓடுபாதை வரை உரிய வேகத்தில் கொண்டுவருவதைக் குறிக்கும். புதிதாகப் பழகுவோர் மேலெழும்புவதை ஓரிரு நாளில் கற்றுவிடுகின்றனர். பெரும்பாலும் தடுமாறுவது இறக்கத்தில்தான்.

உயரம் என்பது நிலையாற்றல், வேகம் என்பது இயக்க ஆற்றல். விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினால் முதலாவது இரண்டாவதாக மாறுகிறது. எஞ்சின் உந்துவிசையை முற்றிலும் குறைத்த பின்னும் போயிங் 737-800 போன்ற விமானம் நெடுந்தொலைவு சறுக்கிச் செல்லும். ஆகவே விரைவாக இறங்குவதும் வேகத்தைக் குறைப்பதும் ஒரே நேரத்தில் எளிதில் நடப்பதில்லை.

இறக்கத்தைத் தொடங்கும் இடம்

இதற்கு மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளில் எடுத்து 3 ஆல் பெருக்கினால், தேவையான தொலைவு கடல் மைலில் கிடைக்கும். விமானம் 35,000 அடியில் பறக்கிறது, விமான நிலையம் கடல் மட்டத்தில் உள்ளது எனில் 35 × 3 = 105 கடல் மைல். வேகத்தைக் குறைக்க மேலும் 10 கடல் மைல் சேர்த்துக்கொள்வது நல்லது. பின்காற்று வீசினால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

இறங்கும் வீதத்துக்குத் தரைவேகத்தை 5 ஆல் பெருக்க வேண்டும். தரைவேகம் 450 நாட் எனில் நிமிடத்துக்கு 2,250 அடி. 140 நாட் எனில் 700 அடி. வேகம் குறையக் குறைய இவ்வீதமும் குறைய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

உயரம் மிகுந்துவிட்டால்

10,000 அடிக்குக் கீழே 250 நாட்டைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. அதற்கு மேலே இருக்கும்போதே உயரம் மிகுதி எனத் தெரிந்தால், வேகத்தைக் கூட்டி ஸ்பீடு பிரேக்கை விரிப்பதே பயன் தரும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதே காரணம். தாழ்ந்த உயரத்தில் சக்கரங்களை முன்கூட்டியே இறக்கலாம். 737-800 விமானத்தில் அதற்கான வேக வரம்பு 270 நாட். ஓடுபாதைக்கு வழிகாட்டும் சறுக்குப்பாதை அலையை எப்போதும் கீழிருந்தே பிடிக்க வேண்டும். மேலிருந்து துரத்தினால் வேகம் கட்டுக்கடங்காமல் போகும்.

நிலைபெற்ற அணுகல்

ஓடுபாதைக்கு 1,000 அடி மேலே வரும்போது வேகம், பாதை, சக்கரம், ஃபிளாப் அனைத்தும் சரியாக அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் மீண்டும் மேலெழும்ப வேண்டும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 இதற்குத் துயரமான சான்று. அதுவும் 737-800 விமானமே. உரிய பாதைக்கு மிக மேலே வந்த அவ்விமானம், துணை விமானி மேலெழும்பச் சொல்லியும் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி கடந்தபின் தரைதொட்டு, பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர். 8 பேர் உயிர் பிழைத்தனர்.

சிமுலேட்டரில் 120 கடல் மைலுக்கு முன்பே பறப்பைச் சேமித்து வைத்து, அதே இறக்கத்தை எதிர்காற்றிலும் பின்காற்றிலும் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம்.