வட்டில் அடங்கிய வீரன்

பெங்களூரு மாநகரின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. அங்குள்ள ஒரு வீட்டில், பேட்மேன் என்னும் வீரனைப் பற்றிய 'தி டார்க் நைட்' (2008) திரைப்படம் புளூ-ரே வட்டில் ஓடுவதாகக் கொள்க. சில காட்சிகளில் திரையின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் தோன்றும். வேறு சில காட்சிகளில் அவை மறைந்து, படம் திரை முழுவதையும் நிரப்பும். இது தொலைக்காட்சியின் பழுதன்று. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அக்காட்சிகளை மட்டும் ஐமேக்ஸ் என்னும் பெரிய படச்சுருளில் பதிவு செய்தார். சாதாரணத் திரையரங்கில் காணாத மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வட்டில் ஓரளவு காணக் கிடைக்கின்றன.

டிவிடி, புளூ-ரே ஆகிய இரண்டும் 12 செ.மீ. விட்டமுடையவை. எனினும், முன்னதன் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் தகவலும், பின்னதன் ஓர் அடுக்கில் 25 கிகாபைட் தகவலும் அடங்கும். இவ்வேறுபாட்டிற்கு ஒளியே முதன்மைக் காரணம். டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். புளூ-ரேயின் நீலஊதா லேசருக்கு அது 405 நானோமீட்டர். அலைநீளம் குறைந்தால் ஒளி மிகச்சிறு புள்ளியாகக் குவியும். கூரிய எழுதுகோலால் நெருக்கி எழுதுவதைப் போலத் தகவல்களையும் நெருக்கிப் பதியலாம். ஆகவே, 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட காட்சி தெளிவு குன்றாமல் அமைகிறது.

இணையத்தில் காணும் படம், உரிமக்காலம் முடிந்தால் நீக்கப்படலாம். வாங்கிய வட்டோ வீட்டிலேயே இருக்கும். ஆயினும், அதன் தகவல் அடுக்கை மூடிய படலத்தின் தடிமன் 0.1 மி.மீ. மட்டுமே. எனவே, வட்டை விளிம்பில் பிடித்து எடுத்தல் வேண்டும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கி மென்துணியால் துடைத்தல் வேண்டும். பேணிக் காத்தால், இன்று கண்ட படத்தைப் பல்லாண்டு கழித்தும் காணலாம்.