ரிட்டன் ட்ரெயினை முதல்ல பாருங்க: மதுரையில் இருந்து ஒரு நாள் ரயில் பயணம்

சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் "நாளைக்கு எங்கயாவது போலாமா மச்சி?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, பெரும்பாலும் ஞாயிறு மத்தியானம் மெஸ் சாப்பாட்டோடு முடிந்துவிடும். கேட்டால் காசு இல்லை என்பார்கள். ஆனால் ராமேஸ்வரம் 160 கிலோமீட்டர் தூரம், பாசஞ்சரில் ஒருவழி டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள்தான். காசைவிட பெரிய பயம் வேறு: போனால் ராத்திரி கேட் மூடுவதற்குள் திரும்ப முடியுமா? திங்கட்கிழமை முதல் பீரியட் இன்டர்னல் இருக்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், பிளான் தானாக வந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" லிஸ்ட் இல்லை. எந்த இடத்துக்குப் போனாலும் பிளானைத் திரும்பி வரும் ரயிலில் இருந்து பின்னோக்கிப் போடுவது எப்படி என்பதுதான் விஷயம்.

மதுரையின் நான்கு திசைகள்

மதுரை ஜங்ஷனில் இருந்து பாதை நான்கு பக்கம் பிரிகிறது. வடக்கே திண்டுக்கல், திருச்சி. தெற்கே விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி. கிழக்கே மானாமதுரை, ராமநாதபுரம், ராமேஸ்வரம். மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி. இந்த நான்கிலும் ரயில் ஓடும் நேரம் ஒரே மாதிரி இருக்காது. அதற்குக் காரணம் உண்டு.

தெற்குப் பாதையின் கடிகாரத்தை ஓட்டுவது சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் எல்லாம் சென்னையில் சாயங்காலம் அல்லது ராத்திரி கிளம்பி, மதுரையை விடியற்காலையில் தாண்டித் தெற்கே போகும். திரும்பும்போது ராத்திரி மதுரைக்கு வந்து, காலையில் சென்னை சேரும். சென்னைக்காரர்களுக்காகப் போட்ட டைம்டேபிள், தெரியாமலேயே நமக்கும் உதவுகிறது. விடியற்காலை ஏறினால் வெயில் வருவதற்குள் கோவில்பட்டியில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்ஸில் கழுகுமலை. ஒரே பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் செதுக்கிய வெட்டுவான் கோவிலும், சமணச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. வரும்போது கடலை மிட்டாய் வாங்க மறக்காதீங்க.

ஆனால் திரும்பும் ராத்திரி ரயில்கள் மதுரைக்கு வரும்போது ஹாஸ்டல் கேட் பூட்டியிருக்கும். அதனால் திரும்புவதற்கு திருவனந்தபுரம்–திருச்சி இன்டர்சிட்டி மாதிரி பகல் ரயிலைப் பிடியுங்கள். அது சாயங்காலமே மதுரைக்கு வந்துவிடும். இன்னொன்று, ஞாயிறு மாலை சென்னை திரும்பும் கூட்டம் முழுக்க இந்தத் தெற்கு ரயில்களில்தான் இருக்கும். ஜெனரல் பெட்டியில் கால் வைக்க இடம் கிடைக்காது. முடிந்தால் தெற்கே சனிக்கிழமை போங்கள்.

வடக்கே கதை தலைகீழ். அந்த ராத்திரி ரயில்கள் நமக்கு உதவாது. 1977-ல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ்தான் கைகொடுக்கும். காலையில் மதுரையில் கிளம்பி, இரண்டு மணி நேரம் சொச்சத்தில் திருச்சி. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் மூன்றையும் பார்த்துவிட்டு சாயங்காலம் அதே வைகையில் திரும்பலாம். மதுரைக்கு வரும்போது ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிடும், அதற்கேற்ப அனுமதி வாங்கிக்கோங்க. வழியில் "கொடைக்கானல் ரோடு" என்று ஒரு ஸ்டேஷன் வரும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே இறங்கினால் மலை ஏற இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் பஸ் பயணம் பாக்கி. ஒரு நாளில் அது கட்டுப்படியாகாது.

கிழக்கே ராமேஸ்வரம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் போக, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இதைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்ப்பது பாவம். காலை பாசஞ்சரில் போனால் தனுஷ்கோடி வரை போய்வர நேரம் இருக்கும். மாலை பாசஞ்சரில் திரும்பினால் இதுவும் லேட்தான். தை, ஆடி அமாவாசை நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம்.

மேற்கே போடி. மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றுபோய், தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூனிலும் அகலப்பாதையில் மறுபடி வந்தது. பன்னிரண்டு வருஷம் ரயில் இல்லாத ஊர்கள். தினமும் காலையில் போய் சாயங்காலம் திரும்பும் பாசஞ்சர் ஒன்று இருக்கிறது. எண்ணிக்கையில் ரொம்பக் குறைவுதான். ஆனால் இரண்டு நேரமும் டே ட்ரிப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

ட்ரெயின் நம்பரைப் படிக்கப் பழகுங்க

ஐந்து இலக்க நம்பரில் பாதி தகவல் இருக்கிறது. 5, 6, 7-ல் ஆரம்பித்தால் பாசஞ்சர், மெமு, டெமு வகை. ரிசர்வேஷன் வேண்டாம், டிக்கெட் மலிவு, வழியில் அநேகமாக எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். 16-ல் ஆரம்பித்தால் எக்ஸ்பிரஸ். 12, 20, 22 என்றால் பெரும்பாலும் சூப்பர்ஃபாஸ்ட், ஜெனரல் டிக்கெட்டிலும் கூடுதலாக 15 ரூபாய் உண்டு. பூஜ்யத்தில் ஆரம்பித்தால் சிறப்பு ரயில். ஓடும் நாளும் கட்டணமும் மாறலாம்.

பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு "ஒரே பாதைதானே" என்று எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினால், கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். மொத்தப் பயணச் செலவையே தாண்டிவிடும்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. 199 கிலோமீட்டர் வரையிலான ஜெனரல் டிக்கெட்டில், வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் ரயில் கிளம்புவதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுதான் கணக்கு. அதனால் திரும்பும் டிக்கெட்டைத் திரும்பும்போதுதான் வாங்க வேண்டும். கவுன்ட்டர் க்யூவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். மொபைல் ஆப்பில் எடுப்பதென்றால் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணித்தான் எடுக்க முடியும். ரயிலில் ஏறிய பிறகு ஆப் டிக்கெட் தராது.

எது லேட் ஆகும், ஏன்?

சென்னை–மதுரை–திருநெல்வேலி இப்போது இரட்டைப் பாதை. போடி, ராமேஸ்வரம், செங்கோட்டை பக்கமெல்லாம் ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஸ்டேஷனில் மட்டும்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும். எதிர் ரயில் அரை மணி லேட் என்றால், நம் ரயில் சரியான நேரத்துக்கு வந்தும் காத்திருக்கும். பொதுவாக வழிவிடுவது பாசஞ்சர்தான்.

இன்னொரு பக்கம், டைம்டேபிளின் கடைசிப் பகுதியில் ரயில்வே கொஞ்சம் கூடுதல் நேரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். திருப்பரங்குன்றத்தில் இருந்து மதுரைக்கு ஆறேழு கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு நிமிஷம் என்று தோன்றுவது இதனால்தான். வழியில் பத்து, பதினைந்து நிமிஷம் லேட் என்றால் அந்தக் கூடுதல் நேரம் அதை விழுங்கிவிடும். ஒரு மணி நேரம் லேட் என்றால் விழுங்காது.

பராமரிப்பு வேலைக்காகப் பாதையைச் சில மணி நேரம் மூடும் நாட்களும் உண்டு. அப்போது முதலில் ரத்தாவதும் பாதி வழியில் நிற்பதும் பாசஞ்சர்கள்தான். முந்தின ராத்திரி ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பில் போகும் ரயில், வரும் ரயில் இரண்டையும் தேதி போட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் 139-க்கு போன் பண்ணலாம். ரயிலில் ஏதாவது பிரச்சினை என்றாலும் அதே நம்பர்தான், தனியாகப் போகும் தோழிகள் சேவ் பண்ணி வையுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இடம்: வைகை அணை. கேட் மூடும் நேரம் ஒன்பது மணி என்று வைத்துக்கொள்வோம்.

1. ஜங்ஷனில் இருந்து ஹாஸ்டலுக்கு நாற்பது நிமிஷம். அப்படியென்றால் எட்டேகாலுக்குள் மதுரையில் இறங்க வேண்டும்.

2. போடி பாசஞ்சர் எட்டு மணி வாக்கில் மதுரைக்கு வருகிறது. பொருந்துகிறது. அது ஆண்டிபட்டியைத் தாண்டுவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். டிக்கெட் க்யூவைச் சேர்த்து ஐந்தரைக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

3. அணையில் இருந்து ஆண்டிபட்டிக்கு பஸ் காத்திருப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம். நாலரைக்கு அணையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

4. காலை ரயிலில் போனால் பத்தரை, பதினொன்றுக்கு அணையில் இருப்போம். கையில் ஐந்தரை மணி நேரம். ரயிலில் போகவர மொத்தம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஓகே, போகலாம். இடத்தில் இருக்கும் நேரத்தைவிட ரயிலில் இருக்கும் நேரம் அதிகம் என்றால் அந்த இடத்தை இரண்டு நாள் லீவுக்குத் தள்ளிவையுங்கள்.

5. ரயில் தவறினால்? தேனி பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையம் வரும். ராமேஸ்வரம், திருநெல்வேலி போனவர்களுக்கு மாட்டுத்தாவணி பஸ். அந்த பஸ் டிக்கெட்டுக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடக்கூடாது.

எல்லாத்துக்கும் ரயில்தான் சரி என்றும் இல்லை. கீழடி மியூசியத்துக்கு டவுன் பஸ்ஸே போதும். சிலைமானில் ரயில் நிற்கிறதா, எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இங்கே சொன்ன நேரமெல்லாம் தோராயம்தான். ரயில்வே டைம்டேபிள் அடிக்கடி மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. அடுத்த சனிக்கிழமை ராத்திரி யாராவது "எங்க போலாம்?" என்று கேட்டால், "எத்தனை மணிக்குத் திரும்பணும்?" என்று கேளுங்கள். ஊர் தானாக அமையும்.