மொச்சையில் ஓட்டை

சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுத் தட்டோட்டியில் கால்வைக்க இடமிருக்காது. ஆச்சி துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயப்போட்டிருப்பாள். "ஐப்பசி மழைக்கு இப்பவே காயணும்லா" என்பாள். ஈரம் ஏறினால் வண்டு பெருகும். செம்மண் வெறும் நிறமில்லை. நுண்ணிய மண்தூள் வண்டின் தோலிலுள்ள மெழுகை உரசி எடுக்க, உடம்பு வற்றிச் சாகும். எண்ணெய் தடவிய பயறில் முட்டைக்கு மூச்சு முட்டும். துவரையைப் பருப்பாக உடைத்துவிட்டால் பயறு வண்டுக்கு அதில் குடும்பம் நடத்துவது கஷ்டம். எல்லாம் வண்டு வருவதற்கு முந்திய வேலை.

அதற்காக அந்தக் காலத்தில் வண்டே இல்லை என்று அளக்க மாட்டேன். வசம்பும் வேப்பிலையும் போட்ட பானையிலும் மொச்சை உளுத்தது. சுளகில் புடைத்துவிட்டுக் குழம்பு வைத்தோம்.

இப்போது அடுக்குமாடி வாசம். போன மழைக்காலத்தில் சமையலறை விளக்கடியில் தினமும் பத்துப் பதினைந்து வண்டுகள். மருந்தடிக்க ஆள் வந்தார். சுவரோரமெல்லாம் தெளித்தார், பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுவாரமும் வண்டு.

அவர் தெளித்தது பைரித்ராய்டு வகை. சாமந்தி இனப் பூவொன்றிலிருந்து எடுத்த பைரித்ரத்தைப் பார்த்து ஆலையில் செய்தது. சுவரில் காய்ந்து படலமாக நிற்கும். அதன்மேல் நடக்கும் பூச்சியின் நரம்பு ஓயாமல் துடித்து, முடங்கிச் சாகும். மறுநாளே தரையை அழுத்தித் துடைத்தால் படலம் போச்சு. துடைக்காவிட்டாலும், பயறுக்குள் இருக்கும் புழு சுவருக்கு ஏன் வரப்போகிறது?

கடைசியில் மேல்தட்டில், பொங்கலுக்கு வாங்கி மறந்த மொச்சைப் பொட்டலம் அகப்பட்டது. ஒவ்வொரு மணியிலும் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டை. தோலில் வெள்ளைப் புள்ளியாய் முட்டைகள். முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

தானியத்துக்குள் நுழையும் மருந்தும் உண்டு. கிடங்குகளில் மூட்டைகளை மூடி உள்ளே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டுப் பாஸ்பீன் வாயுவாகும். அது மனிதரையும் கொல்லும். யார் கொடுத்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வண்டைக் கண்டால் முதலில் மேல்தட்டைப் பாருங்கள். மருந்துக்காரரை அப்புறம் கூப்பிடலாம்.