நெருக்கடி தீர்ந்த பின் செய்ய வேண்டியது என்ன?

சென்ற ஆண்டு ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். இரண்டு ஆண்டுகளாகச் சரக்குத் தேங்கி, நூல் வாங்கப் பணமின்றி, பாதித் தறிகள் பாவில்லாமல் நின்ற சங்கம் அது. நான் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், நெடுநாள் பாக்கியாக இருந்த தள்ளுபடி மானியம் மொத்தமாக வந்து சேர்ந்திருந்தது. கூலிப் பாக்கி தீர்ந்தது. நூலும் வந்து இறங்கியது. "கஷ்ட காலம் கழிந்துவிட்டது, ஐயா" என்றார் வயது முதிர்ந்த தலைவர். அவர் மகிழ்ச்சியில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் சரக்கறையைத் திறக்கச் சொன்னேன். விலை போகாத ஒரே ரகச் சேலைகள் கூரை மட்டும் அடுக்கப்பட்டிருந்தன. புதிய நூலைக் கொண்டு தறிகளில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததும் அதே ரகந்தான்.

பணம் வந்தது உண்மை. ஆனால் நெருக்கடி தீர்ந்ததா? இக்கேள்விக்கு விடை தேட, உலகறிந்த ஒரு ஜப்பானிய மோட்டார் கம்பெனியின் வரலாற்றை அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறேன். மோட்டார் கம்பெனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். டொயோட்டா என்னும் அந்த ஸ்தாபனம் தறியிலிருந்து பிறந்தது.

சாகிச்சி டொயோடா என்பவர் 1867-ல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். கைத்தறியைத் திருத்தி அமைத்து 1891-ல் முதல் காப்புரிமை பெற்றார். பின்னர் விசைத்தறிக்கு வந்தார். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறியில் இரண்டு சிறப்புகள் இருந்தன. ஊடை நூல் தீரும் தறுவாயில் தறியை நிறுத்தாமலே நாடாவைத் தானே மாற்றிக்கொள்ளும் என்பது ஒன்று. பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே தானாக நின்றுவிடும் என்பது மற்றொன்று. நெசவாளருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அறுந்த இழையைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதை அவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். இந்தத் தறியின் உரிமைக்காக, நம் நாட்டு ஆலைகளுக்கெல்லாம் யந்திரம் அனுப்பிய லங்காஷயரின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியார் 1929-ல் ஒரு லட்சம் பவுன் தருவதாக ஒப்பந்தம் செய்தனர். ஒரே ஆள் முப்பது தறிகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மற்றவர்களின் கதி என்ன என்று கைத்தறிக்காரர் கேட்பது நியாயமே. அது தனியே எழுத வேண்டிய விஷயம். குற்றம் கண்டவுடன் நிற்பது என்னும் குணத்தை மட்டும் இங்கு மனத்தில் வைத்துக்கொள்வோம்.

சாகிச்சியின் மகன் கீச்சிரோ 1937-ல் மோட்டார் கம்பெனியைத் தனியாகத் தொடங்கினார். யுத்தத்தில் ஜப்பான் தோற்ற பின்னர், பணவீக்கத்தை அடக்குவதற்காக ஜோசப் டாட்ஜ் என்ற அமெரிக்க பாங்கரின் யோசனைப்படி 1949-ல் கடுமையான சிக்கனம் நடைமுறைக்கு வந்தது. ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. கடன் கிடைப்பது அரிதாயிற்று. தவணைக்கு லாரி வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. தொழிற்சாலையோ தொடர்ந்து லாரி செய்துகொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் வர வேண்டிய பாக்கி ஏறிற்று. பெட்டியில் பணம் இல்லை. ஆண்டு முடிவில் சுமார் 20 கோடி யென் இல்லாவிட்டால் கதவடைக்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

ஜப்பான் பாங்கின் நகோயாக் கிளை முன்னின்று பல பாங்குகளைக் கூட்டிக் கடனுக்கு ஏற்பாடு செய்தது, நிபந்தனைகளும் விதித்தது. விற்பனைக்குத் தனிக் கம்பெனி அமைக்க வேண்டும். அது விற்கக்கூடிய அளவுக்கே தொழிற்சாலை செய்ய வேண்டும். அதிகப்படியான ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பவை அவை. 1949 டிசம்பரில்தான் கம்பெனி தொழிலாளர் சங்கத்துடன் உடன்படிக்கை செய்திருந்தது: பத்தில் ஒரு பங்கு சம்பளத்தைத் தொழிலாளர் விட்டுக்கொடுப்பது, ஒருவரையும் நீக்குவதில்லை என்று கம்பெனி உறுதி கூறுவது. நான்கே மாதங்களில், 1950 ஏப்ரலில், 1,600 பேர் தாமாக விலக வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. வேலைநிறுத்தம் மூண்டது. ஜூன் 5-ந் தேதி கீச்சிரோ பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். ஜூன் 10-ந் தேதி தகராறு முடிந்தது. அதற்குள் சுமார் இரண்டாயிரம் பேர் வெளியேறியிருந்தனர்.

ஜூன் 25-ந் தேதி கொரிய யுத்தம் தொடங்கிற்று. அடுத்த மாதமே அமெரிக்கச் சேனை ஆயிரம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. மேலும் ஆர்டர்கள் தொடர்ந்தன. தகராறு முடிந்ததற்கும் யுத்தம் தொடங்கியதற்கும் இடையே பதினைந்தே நாட்கள். வெளியேறிய குடும்பங்களை நினைக்கும்போது இந்தப் பதினைந்து நாள் கணக்கை எளிதில் கடந்துவிட முடியவில்லை.

கம்பெனியைக் கைதூக்கிவிட்டது யுத்த ஆர்டர்தான். இதை மறைத்துவிட்டு எல்லாம் நிர்வாகத் திறமை என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அதே காலத்தில் அதே ஆர்டர்களைப் பெற்ற ஸ்தாபனங்கள் ஜப்பானில் வேறும் இருந்தன. வந்த பணத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கீச்சிரோவுக்குப் பின் தலைவரானவர் தைசோ இஷிதா. இவர் தறிக் கம்பெனியின் தலைவர். செலவில் மிகக் கெட்டி என்று பெயரெடுத்தவர். ஆர்டர் வந்ததும் ஆட்களை அள்ளிச் சேர்க்கவில்லை. யுத்தம் முடிந்தால் மறுபடியும் நீக்க வேண்டி வருமே என்ற அச்சம் இருந்தது. லாபத்தைப் புதிய யந்திரங்களில் போட்டார். பாங்கின் தயவில் இனி நிற்பதில்லை என்பது அவருடைய வைராக்கியம். எய்ஜி டொயோடா என்னும் நிர்வாகி 1950-ல் அமெரிக்கா சென்று போர்டு தொழிற்சாலையைப் பார்வையிட்டார். அங்கே கண்ட ஒரு பழக்கத்தின்படி, தொழிலாளர் தம் வேலையைத் திருத்துவதற்கான யோசனைகளை எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு 1951-ல் வந்தது.

இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தவர் தைச்சி ஓனோ. இவரும் நூற்பு நெசவு ஆலையிலிருந்து 1943-ல் மோட்டார் பக்கம் வந்தவர். ஒருவர் பல தறிகளைக் கவனிக்கும் இடத்திலிருந்து வந்தவருக்கு, ஒரு யந்திரத்துக்கு ஓர் ஆள் நிற்பது வியப்பாக இருந்தது. அவர் கைக்கொண்ட முறையை நம் வீட்டுத் தொழிலைக் கொண்டே விளக்கலாம்.

வீட்டில் ஒருவர் தார் சுற்றுகிறார், ஒருவர் நெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தார் சுற்றுபவர் நெசவைப் பாராமல் கூடை கூடையாகச் சுற்றித் தள்ளினால், அன்று வேலை மிகுதியாக நடந்ததுபோல் தோன்றும். நாளை நிறம் மாறினால் அத்தனையும் முடங்கிய நூல். நெய்பவர் கூடையிலிருந்து ஐந்து தார் எடுத்தால், எடுத்த ஐந்தை மட்டும் மீண்டும் சுற்றி வைப்பது மற்றொரு வழி. அமெரிக்கக் கடைகளில் வாடிக்கைக்காரர் எடுத்த பண்டத்துக்கு ஈடாக மட்டும் தட்டில் மறுபடி அடுக்குவதைப் பற்றி அறிந்து, ஓனோ இவ்வழியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். பின்னால் நிற்பவர் தமக்கு வேண்டியதை முன்னால் நிற்பவரிடம் கேட்டு எடுப்பார். கேளாத பொருளை எவரும் செய்யலாகாது. எத்தனை எடுக்கப்பட்டது என்பதை ஒரு சிறு அட்டை தெரிவிக்கும். கான்பான் என்று அவர்கள் சொல்வது இந்த அட்டையைத்தான்.

இதில் மறைந்திருக்கும் நன்மை ஒன்றுண்டு. இருப்புக் குறைந்தால் குற்றங்கள் வெளியே தெரியும். நூறு தார் கையிருப்பில் இருந்தால் பத்து தார் கெட்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஐந்தே இருந்தால் ஒன்று கெட்டாலும் தறி நின்றுவிடும். காரணத்தை அன்றே தேட வேண்டும். சாகிச்சியின் தறி இழை அறுந்தால் நின்றதைப் போல, முழுத் தொழிற்சாலையையும் குற்றம் கண்ட இடத்தில் நிற்கப் பழக்கினார்கள்.

குறைந்த அளவில் பல ரகம் செய்ய வேண்டுமானால், ஒரு ரகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரம் குறைய வேண்டும். தகடு அழுத்தும் பெரிய யந்திரங்களில் அச்சு மாற்ற 1940-களில் இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தது. 1970-களின் தொடக்கத்தில் அது மூன்று நிமிஷமாகக் குறைந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைப்பு இது. ஒரு திட்டம் போட்டு ஓராண்டில் மாறிவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம்.

இதை அப்படியே நம் சங்கத்தில் நடத்த இயலுமா? இயலாது என்பதே என் கருத்து. ஒரு பாவில் பல சேலைகள் வரும். ஒரு சேலைக்கு ஒரு பாவு என்று போட முடியாது. தீபாவளிக்கு முன் இருப்புச் சேர்க்காமலும் இருக்க முடியாது. விளைவிப்போர் சங்கங்களின் நிலை இன்னும் வேறு. பருத்தியும் கடலையும் ஆண்டில் குறித்த காலத்தில்தான் வரும், வேண்டாம் என்று நிலத்திடம் சொல்ல முடியாது. ஆனால் அச்சங்கங்களும் உரத்தையும் பூச்சிமருந்தையும் தேவை கேளாமல் வாங்கிக் கிடங்கில் கெட விடுவதைத் தவிர்க்கலாம். நெசவில், எந்த ரகத்துக்குப் பாவு போடுவது என்று தீர்மானிக்கும் தருணம் ஒன்றிருக்கிறதே, அதுதான் நம் கையில் உள்ள பிடி. முந்தின மாதம் எந்த ரகம் எத்தனை விற்றது என்ற கணக்கு அன்று கமிட்டியின் முன் இருக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்களில் அது இருப்பதில்லை. எந்த ரகம் நெய்யப் பழகிவிட்டதோ அந்த ரகத்துக்கே நூல் கொடுக்கப்படுகிறது.

விற்பனையைத் தனிக் கம்பெனியாகப் பிரித்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த இரண்டு கம்பெனிகளும் 1982-ல் மறுபடியும் ஒன்றாயின. ஆகவே பிரிப்பது நிரந்தர மருந்தன்று. நூறு தறிச் சங்கத்துக்கு அது வேண்டவும் வேண்டாம். நெய்து வந்ததை வரவு வைத்தவுடன் வேலை முடிந்தது என்று கருதாமல், விற்றுப் பணம் வந்த கணக்கைத் தனியாக வைத்தால் போதும்.

பலன் எப்போது தெரிந்தது? 1973-ல் எண்ணெய் விலை உயர்ந்து ஜப்பானியத் தொழில்கள் தள்ளாடியபோது, டொயோட்டா மற்றவர்களைவிட விரைவில் நிமிர்ந்தது. அதன் பிறகே பிற கம்பெனிகள் இம்முறையைக் கவனிக்கலாயின. ஆனால் வளர்ச்சியே அதற்குச் சோதனையாகவும் ஆயிற்று. உலகெங்கும் தொழிற்சாலைகளைப் பெருக்கி 2008-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டி விற்பனையில் முதலிடம் பெற்றது. 2009 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் சுமார் 43,700 கோடி யென் நிகர நஷ்டம். 1950-க்குப் பின் அதுவே முதல் நஷ்டம். தொடர்ந்து, வண்டிகளில் குறை காணப்பட்டு லட்சக்கணக்கில் திரும்பப் பெறவேண்டி வந்தது. கீச்சிரோவின் பேரர் அகியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க காங்கிரஸ் கமிட்டியின் முன் நின்று, ஆட்களையும் அமைப்பையும் பழக்கும் வேகத்தைவிட வளர்ச்சியின் வேகம் மிகுந்துவிட்டது என்னும் கருத்தை ஒப்புக்கொண்டார். அறுந்த இழையோடு தறி ஓடியிருக்கிறது.

நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் உள்ள பெரிய வேற்றுமையைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே நெருக்கடி வந்தபோது இரண்டாயிரம் பேரை அனுப்பினார்கள். சங்கத்தில் அங்கத்தினரே உடைமையாளர். அவரை நீக்க முடியாது என்று நாம் பெருமையுடன் சொல்கிறோம். ஆனால் நூல் கொடுக்கும் நாளில் "இந்த வாரம் உங்களுக்குப் பாவு இல்லை" என்று சொல்லி அனுப்புகிறோமே, அது என்ன? பெயர் புத்தகத்தில் இருக்கிறது; பங்குத் தொகையும் இருக்கிறது; தறி மட்டும் நிற்கிறது. ஆறு மாதம் அப்படி நின்ற பின் அவர் பிள்ளை வேறு வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறான். டொயோட்டாவில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. நம் சங்கங்களில் இப்படிப் போனவர்களை எண்ணுவதற்குப் பதிவேட்டில் ஒரு பத்திகூடக் கிடையாது.

நான் பார்வையிட்ட சங்கத்துக்கு வருகிறேன். அன்று மாலை கமிட்டி கூடிற்று. தேங்கிய சேலைகளை விலை குறைத்து விற்றால் கணக்கில் நஷ்டம் தெரியுமே என்று ஒரு டைரக்டர் கேட்டார். நஷ்டம் ஏற்கெனவே சரக்கறையில் இருக்கிறது, கணக்கில்தான் இன்னும் ஏறவில்லை என்றேன். நெடுநேர விவாதத்துக்குப் பின், மானியப் பணத்தில் மீதியிருந்ததைப் பழைய ரகத்துக்கு நூல் வாங்கச் செலவிடுவதில்லை என்று தீர்மானமாயிற்று. விற்பனைப் பிரிவில் இருக்கும் இளைஞர், வாங்க வந்தவர்கள் கேட்டு இல்லையென்று திரும்பிய ரகங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லையாம். முதலில் இருபது தறிகளில் அந்த நோட்டின்படி பாவு போடுவது, எவ்வளவு காலம் பாவின்றி நின்ற தறி யாருடையது என்பதை நூல் வழங்கும் பதிவேட்டில் தனிப் பத்தியாக எழுதுவது என்று மேலும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. அடுத்த பரிசீலனை ஆடி மாதத்தில். சரக்கறைக்குப் போவதற்கு முன் அந்தப் பத்தியைப் பார்ப்பதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.