ஓராண்டுப் பயணத்திற்கு முன் வீட்டை ஒழுங்கு செய்தல்

பயணம் என்றவுடன் கப்பலும் வானூர்தியும் புகைவண்டியுமே நம் நினைவிற்கு வருகின்றன. பயணம் புறப்படுவதற்கு முந்திய சில வாரங்களில் வீட்டினுள் நடைபெறும் வேலைகளைப் பற்றி எவரும் எழுதக் காணோம். ஒரு குடும்பம் ஓராண்டுக் காலம் தன் வீட்டை விட்டு நீங்குமாயின், எதை எடுத்துச் செல்வது, எதை வைத்துச் செல்வது, எதை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்வது எளிய செயலன்று. நம் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் செய்ததையும், இக்காலத்தில் நாம் செய்ய வேண்டியதையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

ரஜுலா என்னும் கப்பலின் பெயரைத் தாத்தா பாட்டியர் சொல்ல மாணவர்கள் கேட்டிருக்கக்கூடும். 1926 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு 1973 வரை ஓடியது. (1972 வரை கிள்ளான் துறைமுகத்தின் பெயர் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்பதாகும்.) அதன்பின் சிதம்பரம் என்ற கப்பல் ஓடிற்று. 1985 இல் அதில் ஏற்பட்ட தீ விபத்தில் உயிர்கள் பல மாண்டன. அத்தோடு அக்கப்பல் போக்குவரத்தும் நின்றது. கடலில் ஒரு வாரம், துறைமுகத்தில் காத்திருப்பு, பின்னர் புகைவண்டி, அதற்கும் பின்னர் மாட்டுவண்டி என்று சென்றவர்கள், பத்து நாள் விடுமுறையில் திரும்பி வர இயலுமா? பல்லாண்டு சேமித்த பணத்தில் ஒருமுறை செல்பவர்கள், குலதெய்வத்திற்கு நேர்த்திக்கடன், தங்கைக்குத் திருமணம், பங்காளிகளுடன் நிலப்பிரிவினை என எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரவே ஆறு மாதமோ ஓராண்டோ தங்கினர்.

இவ்விடத்தில் ஒன்றை மறக்கலாகாது. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. அது தோட்டத்தின் சொத்து. வேலையில் பெயர் இருக்கும்வரை வீடு உண்டு. பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, கிராணியாரிடம் சென்று விடுமுறையை எழுத்தில் பெறுவதேயாகும். வாய்ச்சொல்லை நம்பிச் சென்றவர்கள் திரும்பி வந்தபோது தம் வீட்டு அடுப்பில் வேறொரு குடும்பத்தின் உலை கொதிப்பதைக் கண்டதுண்டு. இதற்கு அஞ்சியே, வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்லாமல், உடன்பிறந்தாரையோ மாமன் மைத்துனரையோ குடியிருத்தி, "விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் செல்வது வழக்கமாயிற்று. தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பங்களுக்கும் இது பொருந்தும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வது நலம்.

இனிச் சாமான்களைப் பார்ப்போம். தகர டிரங்குப் பெட்டி ஒன்று அல்லது இரண்டு, கயிற்றால் இறுகக் கட்டிய படுக்கைச் சுருள், வழியில் உண்ணக் கட்டுச்சோறு, தண்ணீருக்குக் கூஜா. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களுக்கு இவையே உடைமை. பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருக்கும். உள்ளே பாதிக்குமேல் பிறருக்குரியவை: கோடாலித் தைலம், கைவிளக்கு, துவாலை, கைலி, பிஸ்கட் டின். திரும்பி வரும்போது அப்பெட்டி பித்தளைச் சொம்பும் வடகமும் புளியும் சேலையும் சுமந்து வரும். தமக்கென எடுத்துச் சென்றது இரண்டு மாற்றுடையே என்றால் அது மிகையன்று. இன்று நான்கு பேருக்கு எட்டுப் பெட்டிகள் கட்டுகிறோம். வானூர்தி நிலையத்தில் எடை கூடிவிட்டது என்று தரையில் பெட்டியைத் திறந்து வைத்துத் திண்டாடுகிறோம்.

வைத்துச் செல்பவற்றுள் அம்மியும் ஆட்டுக்கல்லும் தொல்லை தருவன அல்ல. அவற்றைக் கறையானும் அரிக்காது, துருவும் தீண்டாது. பக்கத்து வீட்டாருக்கு, "அரைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று விட்டுவிடலாம். நகையைச் சிலர் அடகுக்கடையில் வைத்தனர். பணத்தேவை ஒரு காரணம். வீட்டில் வைத்துச் செல்வதைவிட அது பாதுகாப்பு என்பது மற்றொன்று. ஆனால் அடகுச்சீட்டில் மீட்கும் காலக்கெடு எழுதப்பட்டிருக்கும். அது முடியுமுன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க உள்ளூரில் ஓர் ஆள் இல்லையேல் நகை போனது போனதுதான்.

ஆடு மாடுகளை வாரத்திற்கு விடுவர். வளர்ப்பவர் தீனி போட்டுக் காக்க வேண்டும். பாலை அவரே எடுத்துக்கொள்ளலாம். ஈனும் கன்றுகளில் பாதி அவருக்கு, பாதி உரிமையாளருக்கு. எழுத்தும் கையொப்பமும் இல்லாத ஒப்பந்தம் இது. ஆயினும் தண்டலோ மற்றொரு பெரியவரோ சாட்சியாக நிற்பார். மாடு நோயுற்று இறந்தால் யாருக்கு நட்டம் என்பதை முன்கூட்டியே பேசி முடித்தவர்கள் அறிவாளிகள்.

இரும்பு, துணி, தாள் ஆகிய மூன்றுமே நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் எளிதில் கெடுபவை. காற்றில் ஈரம் மிகுதி. இரும்பின்மேல் ஈரமும் காற்றும் ஒருங்கே படும்போது துரு உண்டாகிறது. பால்வெட்டும் கத்தியையும் அரிவாளையும் துடைத்து, கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வைப்பதன் நோக்கம் அவ்விரண்டும் உலோகத்தைத் தொடாதபடி தடுப்பதாகும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கினால் மட்டும் போதாது. புளிச்சத்து முழுதும் போகும்படி கழுவி, வெயிலில் காய வைத்துக் கவிழ்க்க வேண்டும். இல்லையேல் பச்சைக் களிம்பு ஏறும். டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல்லின்மேல் வைத்தால் கறையான் வரும் வழி கண்ணுக்குத் தெரியும்.

துணிக்கு ரசகற்பூர உருண்டை போடுவர். இது உருகி நீராகாமல் நேரே ஆவியாகும் தன்மையுடையது. இதனைப் பதங்கமாதல் என்று அறிவியல் பாடத்தில் கூறுவர். பெட்டியை இறுக மூடினாலன்றி ஆவி தங்காது, பூச்சியும் சாகாது. இங்கு ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்னும் குறைபாடு உடைய குழந்தைகளுக்கு இவ்வாவி சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு இதற்கான பரிசோதனை செய்யப்படுகிறது. மருத்துவ நூலில் குறிப்பு இருக்கும். அக்குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் ரசகற்பூரம் வேண்டவே வேண்டா. காய்ந்த வேப்பிலை போதும்.

கத்தியையும் குடத்தையும் மீண்டும் வாங்கலாம். பத்திரங்களை அவ்வாறு எளிதில் பெற இயலாது. இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

மலாயாவில் அடையாளக் கார்டு 1948 இல் அவசரகாலத்தின்போது நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் நீலக் கார்டும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகள் சிவப்புக் கார்டும் வைத்திருந்தனர். 1957 இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு மனுச் செய்ய வாய்ப்பு இருந்தும், தோட்டங்களில் பலர் அதன் அருமையை அறியாமல் இருந்துவிட்டனர். 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டும் என்று 1969 இல் விதிக்கப்பட்டபோதுதான் அந்த அலட்சியத்தின் விலை புரிந்தது. பல்லாயிரவர் வீட்டைக் கட்டிக்கொண்டு இந்தியா சென்றனர். அவர்கள் கட்டியது ஓராண்டுப் பயணத்திற்கான பெட்டியன்று. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாம் ஒருபோதும் கண்டிராத ஊருக்குச் சென்றனர்.

இன்றும் சிவப்புக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வெளிநாடு செல்லுமுன், மீண்டும் நுழைவதற்கான அனுமதி தம் கடப்பிதழில் உள்ளதா, எத்தேதிவரை செல்லும் என்பதைக் குடிநுழைவு அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பாட்டியை மருத்துவத்திற்கென்று ஊருக்கு அழைத்துச் செல்வோர் இதனை முதலில் கவனிப்பார்களாக.

பயணக் காலத்தில் குழந்தை பிறக்கும் நிலை இருப்பின் மேலும் கவனம் வேண்டும். மலேசியக் குடிமகனான தந்தைக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை, ஓராண்டிற்குள் அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அரசாங்கம் காலத்தை நீட்டித்துக் கொடுக்கலாம். ஆனால் அதனை நம்பியிருப்பது சரியன்று. பெற்றோரின் திருமணமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணத்தை, 1982 மார்ச்சு முதல் நடப்பில் உள்ள சட்டம் பதிவுத் திருமணமாகக் கொள்வதில்லை. நாடற்ற பிள்ளை என்னும் நிலை எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்போருக்கு, பெரும்பாலும் பதியப்படாத ஒரு தாளிலிருந்து என்றே விடை கூறுவோம்.

வீட்டை ஒழிக்கும்போது பழைய தாள்களைக் கொளுத்தும் வழக்கம் உண்டு. அதற்குமுன் ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். தாத்தாவின் கப்பல் சீட்டும், மங்கிய பழைய கடப்பிதழும் குப்பையல்ல. 2005 இல் இந்தியா தொடங்கிய கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிப்போர், தம் முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அத்தாள் ஒன்றே சான்றாக எஞ்சியிருக்கும் குடும்பங்கள் பல. பத்திரங்களைப் படியெடுத்து, மூலத்தை மூடி இறுகிய டின்னில் இட்டு, மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களையும் உடன் போட்டு, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கலாம். படி ஒன்று பயணப் பெட்டியிலும் இருக்கட்டும்.

பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளை மைகாட் எடுக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இது பொருந்தும்.

பள்ளியைப் பற்றிக் கூறாமல் விட்டால் தலைமையாசிரியர் தம் கடமையில் தவறியவராவார். 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். ஆகவே, சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையை அழைத்துச் செல்லலாகாது. பள்ளிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். திரும்பி வரும் பிள்ளை வயதிற்குரிய வகுப்பில்தான் அமரும். நான்காம் ஆண்டில் சென்ற பிள்ளை ஐந்தாம் ஆண்டில் அமரும்போது, பின்னமும் தசமமும் அதற்காகக் காத்திருப்பதில்லை. கணிதப் பாட நூலும் மலாய்ப் பாட நூலும் பெட்டியில் இடம் பெறுமாயின் பாதிக் கவலை தீரும். மற்றபடி, ஓராண்டுப் பயணத்தால் படிப்புப் பாழாகும் என்ற கருத்தை நாம் ஏற்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை நேரில் கண்ட பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் கசக்காது. தோட்டத்துச் சிறு பள்ளிகளில் ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் சென்றால் மூன்று வகுப்புகளில் இடம் காலியாகும் என்பது உண்மை. அது எம் வருத்தம். அதற்காகப் பயணத்தைத் தடுக்க இயலாது.

பிள்ளைகளின் பொருள்களைப் பெற்றோர் தாமே எடுத்து வைப்பதைவிட, சிறிய பை ஒன்றைக் கொடுத்து, "இதில் அடங்குவதை நீயே தேர்ந்தெடு" என்று சொல்வது நலம். அதில் கோலிக்குண்டும் உடைந்த வண்டியும் இருந்தால் நகைக்கலாகாது.

கடைசி இரண்டு நாள்களில் நீர்த்தொட்டி, ஜாடி, பூந்தொட்டித் தட்டு அனைத்தையும் காலி செய்ய வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மழைநீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நார் கொண்டு தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆளில்லா வீட்டில் கொசு பெருகினாலும் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றமே. எரிவாயுத் தோம்பின் குழாயைக் கழற்றி, மின்சார முதன்மை விசையை அணைத்து, அரிசி பருப்பை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம்.

புறப்பட்டவர் சென்றவுடன் வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது நம் பெண்மக்களின் வழக்கம். ஆதலால் பெருக்குவதை முதல் நாள் மாலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். சாவி இரண்டு செய்து, ஒன்றை உறவினரிடமும் மற்றொன்றை அதே லயத்தில் வாழும் ஒருவரிடமும் கொடுத்து, யாரிடம் எது உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதிப் பத்திர டின்னில் வைத்துச் செல்லலாம்.